புது ரேம் போட்டதும் பழைய கணினி எழ மறுத்தால்

கேள்வி இதுதான். 2010-ஐ ஒட்டி வாங்கிய மேசைக் கணினி. கோர் 2 டுவோ பிராசஸர், இன்டெல் ஜி41 சிப்செட் (பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் நின்று பேசும் சிப்) கொண்ட மதர்போர்டு, டிடிஆர்3 ரேம் போட இரண்டு ஸ்லாட். ஒன்றில் 2 ஜிபி ரேம் வெகுகாலமாக உட்கார்ந்திருக்கிறது. காலியாகக் கிடந்த இரண்டாவது ஸ்லாட்டில் போட, 1600 வேகம் என்று எழுதிய 4 ஜிபி ரேம் ஒன்றைப் புதிதாக வாங்கினீர்கள். செருகினால் விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வருவதில்லை. கழற்றிவிட்டால் பழையபடி ஓடுகிறது. அதே ரேமை நண்பரின் கணினியில் போட்டால் 4 ஜிபி என்று முழுதாகக் காட்டுகிறது. கெட்டது ரேமா, போர்டா?

பெரும்பாலும் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். வேறு கணினியில் போட்டுப் பார்த்ததால் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். பலர் அதைச் செய்யாமலே கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போது அந்தப் புது ரேமைக் கையில் எடுத்து, அதன்மேல் இருக்கும் கறுப்புச் சதுரச் சிப்புகளை எண்ணுங்கள். ஒட்டியிருக்கும் தாள் மறைத்தால் விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள், தாளுக்கடியில் மேடு தெரியும். இரண்டு பக்கமும் எட்டெட்டாக மொத்தம் 16 இருக்கின்றனவா, அல்லது ஒரு பக்கம் மட்டும் 8 இருந்து மறுபக்கம் வெறும் பச்சைப் பலகையாக இருக்கிறதா? நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் 8 தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

ஒரு பைட்டுக்கு 8 பிட், அதனால் 4 ஜிபி என்பது 32 ஜிகாபிட். அதை 2 ஜிகாபிட் கொள்ளளவுள்ள 16 சிப்புகளைக் கொண்டும் கட்டலாம். 4 ஜிகாபிட் கொள்ளளவுள்ள 8 சிப்புகளைக் கொண்டும் கட்டலாம். முதலில் வந்தவை 16 சிப் வகை. சிப்புகள் அடர்த்தியானதும் 8 போதும் என்றாகிவிட்டது. தயாரிப்பவருக்குச் செலவும் குறைவு. பெட்டியில் மட்டும் இரண்டுக்கும் ஒரே பெயர்: 4 ஜிபி, டிடிஆர்3.

பழைய சிப்செட்டின் கண்ணுக்கு இவை ஒன்றல்ல. ரேம் சிப்பின் உள்ளே தகவல் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. எந்த வரிசை வேண்டும் என்று கேட்க முகவரிக் கோடுகள் உண்டு. ஒரு கோடு கூடினால் வரிசைகள் இரட்டிப்பாகும். இந்த வகை ரேமில் 2 ஜிகாபிட் சிப்புக்கு 15 கோடுகள் போதும், 4 ஜிகாபிட் சிப்புக்கு 16 வேண்டும். ஜி41 வந்த 2008 வாக்கில் அந்தப் பதினாறாவது கோட்டுக்கு அதில் இடம் வைக்கவில்லை. நான்கு கட்டங்கள் மட்டுமே உள்ள படிவத்தில் ஐந்து இலக்கக் கதவு எண்ணை எழுதச் சொன்னால் என்ன ஆகும்? சில போர்டுகள் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, 4 ஜிபி ரேமை 2 ஜிபி என்று காட்டிக்கொண்டு ஓடும். சில போர்டுகள் படிவத்தையே கிழித்துப் போட்டுவிடும். உங்களுடையது இரண்டாவது ரகம். நண்பரின் கணினி சில ஆண்டுகள் புதியதாக இருக்கும், அதற்கு அந்தக் கோடு உண்டு.

சிப்புகளை எண்ண முடியாதபடி மேலே அலுமினியக் கவசம் போர்த்திய ரேம்களும் உண்டு. அப்போது தாளில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 2ஆர்×8 என்றிருந்தால் எட்டெட்டாக இரண்டு அணிகள், ஆக 16 சிப்புகள். 1ஆர்×8 என்றால் ஓர் அணி, 8 சிப்புகள். உங்கள் போர்டுக்கு 4 ஜிபி ரேம் வாங்கும்போது பார்க்க வேண்டிய எழுத்து இதுதான். விற்பவரிடம் "ஜி41 போர்டுக்கு ஆகுமா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவார், "இரண்டு பக்கமும் சிப் இருக்கிறதா?" என்று கேட்டால் எடுத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வேகத்தின் மீது பழி போடாதீர்கள். ஜி41 டிடிஆர்3 ரேமை 1066-ல் ஓட்டும் சிப்செட் என்பது உண்மைதான். ஆனால் 1600 என்று எழுதிய ரேம் மெதுவாகவும் ஓடும். ஒவ்வொரு ரேமிலும் பொடியாக ஒரு சிப் இருக்கும். அதில் அந்த ரேம் தன் ஜாதகத்தையே எழுதி வைத்திருக்கும்: எந்தெந்த வேகத்தில் ஓடும், எவ்வளவு கொள்ளளவு என்று. கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த நிரலான பயாஸ் அதைப் படித்து, இரண்டு ரேமுக்கும் ஒத்துவரும் குறைந்த வேகத்தைத் தேர்ந்துகொள்ளும். தாளில் பிசி3-12800 என்று பெரிய எண் இருந்தாலும் மிரள வேண்டாம், அதுவும் 1600 தான். ஒரு முறைக்கு 8 பைட் வீதம் பெருக்கினால் 12800 வருகிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில பொறிகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களைப் போலவே கேட்டு வருபவர்களில் சிலருக்கு ஜி41 இருக்காது. முதல் தலைமுறை ஐ3, ஐ5 போர்டுகளில் பெரும்பாலானவை 8 ஜிபி ரேமை ஏற்காது. காரணம் அதே 4 ஜிகாபிட் சிப்தான். டிடிஆர்2 காலத்தில் மலிவாகக் கிடைக்கும் 4 ஜிபி ரேம்களில் ஒரு வகை ஏஎம்டி கணினிகளில் மட்டுமே ஓடும். விளம்பரத்தில் அதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். சர்வரிலிருந்து கழற்றி விற்கும் ரேம்கள் இன்னொரு தொல்லை. அவை சாதாரண டிடிஆர்3 ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும், கொக்கியும் மூடும், கணினி மட்டும் எழாது. பிசி3-10600 போன்ற எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது சர்வர் சரக்கு. யு என்றிருப்பதே மேசைக் கணினிக்கானது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்தான். ஆனால் நடுவில் வெட்டிய பள்ளம் இடம் மாறியிருக்கும், அதனால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் இறங்காது. இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள். முதலாவது 1.8 வோல்ட், இரண்டாவது 1.5 வோல்ட், வல்லடியாக இறக்கிவிட்டால் புகைதான் மிஞ்சும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு சோதனை விடுபட்டிருக்கிறது. பழைய 2 ஜிபி ரேமை, அது இருந்த ஸ்லாட்டிலிருந்து எடுத்து, இரண்டாவது ஸ்லாட்டில் தனியாகப் போட்டுப் பார்த்தீர்களா? அந்த ஸ்லாட் வாங்கிய நாள் முதல் வாயைத் திறந்துகொண்டு தூசி தின்றுகொண்டிருந்திருக்கிறது. புது ரேம் ஓடவில்லை என்பது நமக்குத் தெரியும். அந்த ஸ்லாட் ஓடுமா என்பது இன்னும் தெரியாது. தெரிந்த நல்ல ரேமைச் சந்தேகமான ஸ்லாட்டிலும், சந்தேகமான ரேமைத் தெரிந்த நல்ல ஸ்லாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு ரேமையும் சேர்த்துப் போட்டு இடம் மாற்றி இடம் மாற்றி விளையாடினால், ஒரு மணி நேரம் கழித்து எது எங்கே இருந்தபோது என்ன ஆயிற்று என்பதே மறந்துபோகும். ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்வது வெட்கக்கேடல்ல. நான் எழுதிக்கொள்கிறேன்.

கழற்றும் முன் மின்கம்பியை எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரம் கொடுக்கும் பெட்டியிலிருந்து பிடுங்கிவிடுங்கள். கணினியை அணைத்தால் போதாது. அணைத்த பிறகும் போர்டுக்கு 5 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். பல போர்டுகளில் மூலையில் ஒரு சிறு பச்சை விளக்கு அதைக் காட்டும். வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் அந்த விளக்கை ஏதோ அலங்காரம் என்று எண்ணி, அது எரிந்துகொண்டிருக்கும்போதே ரேமை உருவினேன். அன்று வரை நன்றாக ஓடிய ரேம் அதன்பின் எந்தக் கணினியிலும் எழவில்லை. மின்கம்பியைப் பிடுங்கிய பின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து, அந்த விளக்கு மெல்ல மங்கி அணைவதைப் பார்க்கலாம். அதன்பின் கை வையுங்கள். வைக்கும் முன் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு.

கேபினெட்டைப் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். நின்ற வாக்கில் ரேமை அழுத்தினால் போர்டு பின்னோக்கி வளையும். ஸ்லாட்டின் உள்ளே காய்ந்த, மென்மையான தூரிகையால் நீளவாக்கில் தூசியைத் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சிலின் ஈரம் உள்ளே போகும். பழைய ரேமின் அடியில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பட்டைகளைப் பாருங்கள். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்ததென்றால் ஸ்லாட்டின் பின்கள் தொட்ட இடத்தில் மெல்லிய கோடுகளும், சுற்றிலும் மங்கலான பழுப்பும் தெரியும். பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால், மேலிருந்து கீழாக, பட்டையின் போக்கிலேயே லேசாகத் தேயுங்கள். ரப்பர் துகள் கருநிறமாக உதிரும். பட்டை பளிச்சென்று மாறியதும் நிறுத்திவிடுங்கள். தங்க முலாம் மிகவும் மெல்லியது, விடாமல் தேய்த்தால் அதுவும் போய்விடும். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடவே கூடாது. உதிர்ந்த துகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள்.

செருகும்போது இரண்டு ஓரங்களிலும் கட்டைவிரலை வைத்து ஒரே சீராக அழுத்துங்கள். ஓரத்துக் கொக்கி தானாக எழுந்து ரேமின் காதைக் கவ்வும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் இல்லாமல் நாமே கொக்கியை விரலால் மூடினோம் என்றால் ரேம் முழுதாக இறங்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இறங்கியது போலவே தெரியும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால்கூடத் திரை கறுப்புதான். இந்தக் காரியத்தில் நான் கண்ட கோளாறுகளில் மிகுதியானவை இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் முடிந்திருக்கின்றன.

பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டு உடனே அணைக்காதீர்கள். ரேம் மாறியதைக் கண்டதும் சில கணினிகள் தாமே ஓரிரு முறை அணைந்து எழும். சில, நினைவகத்தின் அளவு மாறிவிட்டது, எஃப்1 அழுத்து என்று கேட்டு நிற்கும். இரண்டு நிமிடமாவது பொறுங்கள்.

பழைய ரேம் தனியாக இரண்டாவது ஸ்லாட்டில் ஓடினால் ஸ்லாட் நல்லது, குற்றம் ரேமின் சிப் வகையில் என்று முடிவாகிவிடும். ஓடவில்லை என்றால் கதை நீளும். அப்போது ஒரு தந்திரம் இருக்கிறது: எல்லா ரேமையும் கழற்றிவிட்டு, ஒன்றும் இல்லாமல் கணினியைப் போடுங்கள். போர்டில் சிறிய ஒலிப்பான் பொருத்தியிருந்தால், ரேம் இல்லை என்று அது விடாமல் கத்த வேண்டும். கத்தினால் போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன. ரேமைப் போட்டதும் அந்தக் கத்தல் நின்று வேறு மாதிரி ஒலித்தால், ரேம் ஏற்கப்பட்டு வேறெங்கோ இடிக்கிறது என்று பொருள். ஒலிகளின் கணக்கு பயாஸுக்குப் பயாஸ் மாறும், அதனால் போர்டின் கையேட்டைப் பாருங்கள். ரேமே இல்லாதபோதும் கத்தவில்லை என்றால், ரேமை விட்டுவிட்டு, கை வைத்தபோது எதையாவது தளர்த்திவிட்டோமா என்று பாருங்கள். பிராசஸருக்கு அருகில் செருகியிருக்கும் நான்கு பின் மின்கம்பி, கிராபிக்ஸ் கார்டு ஆகிய இரண்டும்தான் முழங்கை பட்டு அசைபவை.

பயாஸ் பழைய அமைப்பிலேயே பிடிவாதமாக நிற்பதும் உண்டு. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை எடுத்து, பவர் பொத்தானை அழுத்தி, சில நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். இத்தனை வயதான கணினியில் அந்தப் பேட்டரியே தீர்ந்திருக்கும், புதிதாகப் போடுவது நல்லது. தேதி, நேரம், எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்பவற்றையெல்லாம் மறந்துவிடும் என்பதால், முன்னதாகவே பயாஸ் திரைகளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். இல்லாத முகவரிக் கோட்டை எந்தப் பயாஸும் கொண்டுவந்து தராது. நடுவில் மின்சாரம் போனால் போர்டே போய்விடும்.

சரியான ரேம் கிடைத்து, கணினி எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் வரும் முதல் புகார், போட்டது 6, காட்டுவது மூன்றேகால் என்பது. இது ரேமின் குறையல்ல. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் முகவரி போடாது. அந்த 4-லும் ஒரு பகுதி கிராபிக்ஸ் போன்ற சாதனங்களுக்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாறினால்தான் மீதி கிடைக்கும். 64 பிட்டிலும் பதிப்பைப் பொறுத்து உச்சவரம்பு உண்டு: விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8 ஜிபி வரை, ஹோம் பிரீமியம் 16 ஜிபி வரை. உங்கள் போர்டின் உச்சமே 8 என்பதால் அது இடிக்காது. 64 பிட்டாக இருந்தும் குறைவாகக் காட்டினால், எம்எஸ்கான்ஃபிக் என்ற நிரலில் பூட் பகுதியின் கூடுதல் அமைப்புகளில் "அதிகபட்ச நினைவகம்" என்ற கட்டத்தில் யாராவது டிக் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கணினி வேகமாகும் என்று எங்கோ படித்துவிட்டுப் போடுவார்கள். அது வரம்பு வைக்கும் கட்டம். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி எழுப்புங்கள்.

இன்னொரு சிறு விஷயம். விண்டோஸ் 8 முதல், அணைக்கும்போது கணினி முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை விரைவாக எழுவதற்காக ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு உறங்கும். அந்த நிலையில் ரேமை மாற்றினால், எழும்போது பழைய கணக்கும் புதுக் கணக்கும் முட்டிக்கொண்டு தடுமாறலாம். ரேம் மாற்றும் முன் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து அணையுங்கள்.

எழுந்துவிட்டது, முழு அளவும் காட்டுகிறது. இங்கேதான் பெரும்பாலோர் மூடியைத் திருகிவிடுகிறார்கள். நான் மாட்டேன். ரேமில் ஒரு மூலையில் ஒரு பிட் மட்டும் பழுதாக இருந்தால் கணினி எழும், பாட்டுப் பாடும், படம் காட்டும். பத்து நாள் கழித்து ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அந்த மூலையைத் தொட்டு, கோப்பைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். நீலத் திரை வந்தால் நல்லகாலம், குறைந்தபட்சம் நமக்குத் தெரியவாவது தெரிகிறது. அதனால் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து கணினியை எழுப்பி, இரவு முழுதும் ஓடவிடுங்கள். நெடுநாள் கிடப்பில் இருந்த அதற்கு 2022-ல் 6-ஆம் பதிப்பு வந்தது. சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த இணை சரியில்லை. ஒன்றுதானே என்று விடக் கூடாது. ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே ஓட்டி எது என்று பிரியுங்கள். தனியாக ஓட்டும்போது இரண்டுமே சுத்தம், சேர்த்தால் மட்டும் பிழை என்றால், வேகத்தைப் பயாஸில் ஒரு படி குறைத்துப் பாருங்கள். பழைய ரேமும் புது ரேமும் ஒரே தாளத்துக்கு வராதபோது இது உதவும்.

இனி என்ன வாங்குவது? 2ஆர்×8 வகையில் 4 ஜிபி ஒன்றை வாங்கி, இருக்கும் 2 ஜிபியோடு சேர்த்தால் 6. அதே வகையில் இரண்டு வாங்கினால் 8, இணையாக ஓடுவதால் கொஞ்சம் வேகமும் கூடும். என்னைக் கேட்டால், இந்த வயதுள்ள கணினியில் 6 ஜிபியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தை எஸ்எஸ்டியில் போடுவேன். 4 ஜிபியிலிருந்து 8-க்குப் போவதைவிட, பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்குப் போவது சாதாரண வேலையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம். ஐம்பது இணையப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்பவர் என்றால் மட்டும் 8-க்குப் போங்கள்.

இப்போது கையில் இருக்கும் 8 சிப் ரேமைத் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் நண்பரிடம் தள்ளிவிடுங்கள், அவர் கணினிதான் அதை ஏற்றுக்கொண்டதே. இரண்டு புது ரேம் வாங்குவதானால் பழைய 2 ஜிபியை மட்டும் விற்றுவிடாதீர்கள். ஒரு சிறு உறையில் போட்டு, கேபினெட்டுக்குள்ளேயே தட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை திரை கறுக்கும்போது, இந்தப் போர்டில் ஓடும் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ரேம் அது ஒன்றுதான்.